ஏழு பச்சை

செப்டம்பர் 9, திங்கள்

வடிவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய் இன்றோடு எண்பத்தெட்டு நாள். வலது கை பாதி வந்துவிட்டது. காலும் பரவாயில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை போகிறாள். புத்தியில் ஒரு குறையும் இல்லை, பால்காரன் தண்ணீர் கலந்தால் அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். வார்த்தைதான் வரமாட்டேன் என்கிறது. வாயைத் திறந்தால் “த... த...” என்று இரண்டு தரம் வரும், அவ்வளவுதான். பிறகு கோபத்தில் கண் நிறைந்துவிடும்.

சாயங்காலம் அகமதாபாத்திலிருந்து மகள் கோமு கூப்பிட்டாள். “அப்பா, இந்த வருஷம் கொலு ஒண்ணும் வைக்க வேண்டாம். உங்களால முடியாது. அம்மாவும் இப்படி இருக்கா” என்றாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வடிவு இடக்கையால் கட்டில் சட்டத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தாள் பாருங்கள், மருந்து டப்பா உருண்டு ஓடியது. “சரி சரி, வைக்கோம்” என்றேன். கோமு அந்தப் பக்கம் சிரித்தாள்.

பரணிலிருந்து பெட்டிகளை இறக்கினேன். பொம்மைகள் பத்திரம். கொலுப்படிக்குக் கீழே தரையில் வடிவு வருஷா வருஷம் ஒரு ஊர் கட்டுவாள், மலை, குளம், தெரு, சந்தை எல்லாம் உண்டு. அந்த ஊர் மரங்கள் இருந்த பெட்டியில் மட்டும் எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது. ஒரு மரம் மிஞ்சவில்லை. பெட்டியை அவளிடம் காட்டினேன். என்னைக் கை நீட்டிக் காட்டினாள். அதாவது நான் செய்ய வேண்டுமாம்.

முப்பத்தாறு வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன். கொலுவுக்கு ஒரு ஆணி அடித்துக் கொடுத்ததில்லை. சரி, மரம்தானே.

செப்டம்பர் 11, புதன்

மரம் செய்யும் முறை எனக்கு அரைகுறையாக ஞாபகம் இருந்தது. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நாரைத் துண்டு போட்டுப் பிய்த்துச் சாயத்தில் முக்க வேண்டும். காய்ந்ததும் வேப்பங்குச்சியில் ஒட்ட வேண்டும். சோடா மூடியில் களிமண்ணை அடைத்துக் குச்சியை நட்டால் மரம்.

பீர்க்கங்கூடு எதிர்வீட்டுச் சொர்ணம் மதினி கொடுத்தாள், ஒன்பது. “குளிக்கத் தேய்க்கவா அண்ணாச்சி?” என்றாள். மரம் செய்ய என்றேன். “நீங்களா!” என்று வாயில் கை வைத்தாள். இதில் என்ன அதிசயம் என்று தெரியவில்லை.

சாயம் வாங்கப் பத்தமடைக்கு பஸ்ஸில் போனேன். பாய் நெய்கிறவர்கள் வாங்கும் கடை. பச்சை, மஞ்சள், நீலம், கறுப்பு எல்லாம் இருந்தது. நான் பச்சை மட்டும் வாங்கினேன். மரத்துக்கு வேறென்ன வேண்டும்?

செப்டம்பர் 13, வெள்ளி

நாற்பது மரம் முடித்துவிட்டேன். கொதிக்கும் தண்ணீரில் சாயம், ஒரு கை உப்பு, நார், இருபது நிமிஷம். நிழலில் உலர்த்தல். நாற்பதும் அச்சு அசல் ஒரே பச்சை. சர்வே வரைபடத்தில் தோப்புக்குப் போடும் பச்சை மாதிரி சுத்தமாக வந்திருக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜெசிந்தா வந்தாள். செவ்வாயும் வெள்ளியும் வருவாள். நல்ல பெண், பொறுமை அதிகம். படத்தைக் காட்டி “இது என்னம்மா? பூ. பூ” என்று அரைமணி நேரம். வடிவு உதட்டைக் குவித்தாள், சத்தம் வரவில்லை. போகும்போது வாசலில் வைத்து, “ஆறு மாசத்துக்குள்ள வர்றதுதான் சார் ஈஸியா வரும். நாளாக ஆகக் கஷ்டம். அதுக்காக விட்டுறக் கூடாது” என்றாள். ஆறு மாசம் என்றால் டிசம்பர் பதிமூன்று.

செப்டம்பர் 14, சனி

காலையில் இட்லி பச்சையாக வந்தது.

நேற்று சாயத்தை வடிகட்ட ஒரு துணி எடுத்தேன். நன்றாக அலசித்தான் காயப்போட்டேன். அது இட்லித்துணி என்று எனக்கு யார் சொன்னார்கள்? கொப்பரையைத் திறந்தால் எட்டு இட்லியும் அடியில் கிளிப்பச்சை. தட்டோடு அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. எனக்குப் பயம், திரும்பவும் ஏதோ வருகிறதோ என்று. இல்லை, சிரிக்கிறாள்! சத்தமாக, கண்ணில் தண்ணீர் வர, பழைய சிரிப்பு. மூன்று மாசத்தில் இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

இட்லியைக் குப்பையில் போட்டேன். கடையில் வாங்கி வந்தேன். ஓட்டல் சாம்பார் உருப்படி இல்லை. ஆனாலும் நல்ல நாள்.

செப்டம்பர் 16, திங்கள்

மரம் நாற்பதையும் அவள் முன்னால் வரிசையாக வைத்தேன். ஒரு சபாஷ் எதிர்பார்த்தேன், அதில் என்ன தப்பு. இடக்கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எடுத்தது எடுத்தபடி கட்டிலுக்குக் கீழே இருந்த குப்பைக் கூடையில் போட்டாள். நாற்பதும்.

எனக்குக் கோபம் வந்தது. “அப்ப நீயே செய்யி” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்த வலது கை கண்ணில் பட்டது. வெளியே போய் அரைமணி நேரம் முருங்கைமரத்தடியில் நின்றேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஜெசிந்தா வந்தாள். “பூ” இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

மத்தியானம் வடிவு அடுப்படிக்குப் போய்க் காய்கறிக்கூடையைக் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேடையில் வரிசை வைத்தாள்: வெண்டைக்காய், பாகற்காய், அவரைக்காய், வாழைக்காய், பச்சைமிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு கட்டுக் கொத்தமல்லி. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், செய் என்று.

இத்தனையும் சேர்த்து என்ன சமையல் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அவளாக ஒன்று கேட்கிறாளே! எல்லாவற்றையும் நறுக்கித் தேங்காய் அரைத்து ஒரு கூட்டு வைத்துவிட்டேன். பாகற்காயும் வாழைக்காயும் ஒரே சட்டியில் வெந்து எப்படி இருக்கும்? நான் சாப்பிட்டேன். தட்டைப் பார்த்ததும் அவள் இடக்கையால் தலையில் அடித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

மறுபடி காய்கறி வரிசை. அதே ஏழு. இந்தத் தரம் நான் கத்தியை எடுத்ததும் பறித்து வைத்துக்கொண்டாள். குப்பைக்கூடையிலிருந்து ஒரு மரத்தை எடுத்து வெண்டைக்காய் பக்கத்தில் வைத்தாள். உதட்டைப் பிதுக்கினாள். அவரைக்காய் பக்கத்தில் வைத்தாள். அதற்கும் பிதுக்கல்.

அட மண்டு! நிறம் காட்டியிருக்கிறாள். ஏழு காயும் ஏழு பச்சை. அதை நான் கூட்டு வைத்துத் தின்றிருக்கிறேன்.

சந்தோஷத்தில் அவள் கன்னத்தைக் கிள்ளினேன். தள்ளிவிட்டாள். அறுபத்திரண்டு வயசில் வெட்கம்.

இன்று எழுதிவிட வேண்டியதுதான். ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு வருகிறேன். வடிவுக்குப் பேச்சு வர வேண்டும் என்று நெல்லையப்பர் கோவிலில் தினமும் நிற்கிறேன். வந்தால் முதலில் என்ன சொல்வாள் என்றும் எனக்குப் பயமாக இருக்கிறது. ஜூன் 13-ம் தேதி காலை ஏழு மணிக்கு அவள் எனக்கு எதிரே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பேசவில்லை. முந்தின நாள் சின்னச் சண்டை. நான்தான், “ஒரு நாளாவது வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டியா” என்று கேட்டிருந்தேன். அதனால் முறைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து நிம்மதியாகப் பேப்பர் படித்தேன். எட்டேகால் மணி வரை. அதற்குப் பிறகுதான் அவள் வாய் ஒரு பக்கம் கோணியிருப்பதைப் பார்த்தேன். ஒன்றேகால் மணி நேரம். ஆஸ்பத்திரியில் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்கள். எட்டு மணிக்கு என்று சொன்னேன். கோமுவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

வடிவுக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்திருந்தவள் அவள்தானே.

செப்டம்பர் 24, செவ்வாய்

மஞ்சள், நீலம், கறுப்புச் சாயம் வாங்க மறுபடி பத்தமடை. கடைக்காரர், “போன தடவையே சேத்து வாங்கியிருக்கலாம்லா” என்றார். ஆமாம், வாங்கியிருக்கலாம்.

இப்போது வேலை இப்படி நடக்கிறது. நான் கிண்ணத்தில் கலக்குவேன். ஒரு துளியை வெள்ளைத் தாளில் வைத்து அவளிடம் காட்டுவேன். அவள் சாயப்பொட்டலத்தில் ஒன்றைத் தொட்டு ஒரு விரலையோ இரண்டு விரலையோ காட்டுவாள். மஞ்சள் இரண்டு சிட்டிகை போட்டால் அவரைக்காய்ப் பச்சை, அது வேம்பின் தளிருக்கு. கறுப்பு ஒரு சிட்டிகை போட்டால் கறிவேப்பிலைப் பச்சை, அது மாமரம். நீலம் கொஞ்சம் சேர்ந்தால் பனை. வாழைக்காய்ப் பச்சைக்கு மட்டும் ஐந்து தரம் கலக்கினேன். ஐந்தாவதற்குத் தலையை ஆட்டினாள். எனக்குப் பிரமோஷன் கிடைத்த மாதிரி இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனை தோப்பை அளந்திருக்கிறேன். மரத்தை எண்ணினேனே தவிர நிறத்தைப் பார்த்ததில்லை. வாசலில் இருக்கிற முருங்கையிலேயே மூன்று பச்சை இருக்கிறது.

செப்டம்பர் 28, சனி

ஊர் அமைக்க வரைபடம் போட்டேன். நூறில் ஒரு பங்கு அளவு. அதன்படி மரம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆனால் அவள் வைத்திருக்கும் காய்கறிக்காரி பொம்மையே பன்னிரண்டு சென்டிமீட்டர், அவள் வீட்டைவிட உயரம். இதை எடுத்துச் சொன்னேன். வடிவு என் டேப்பை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஐம்பத்திரண்டு மரம் முடிந்தது. ஏழு பச்சை.

அக்டோபர் 2, புதன், அமாவாசை

கலசம் வைத்தாயிற்று. ஐந்து படி. கீழே ஊர். மரத்தூளுக்கும் பச்சை ஏற்றித் தரையாகப் பரப்பினேன். மரம் நடுவதை அவளே செய்தாள், இடக்கையால், ஒரு மணி நேரம் குனிந்து. குளத்துக்கரையில் ஒரு மரத்தை வைப்பாள், தள்ளி உட்கார்ந்து பார்ப்பாள், எடுத்து வேறு இடத்தில் வைப்பாள். அவள் விழாமல் நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் விளக்கைப் போட்டதும் அந்த ஊருக்குள் போய்க் குடியிருக்கலாம் போல இருந்தது. இதைச் சொன்னேன். ஒரு மாதிரி பார்த்தாள்.

அக்டோபர் 3, வியாழன்

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

சாயங்காலம் சொர்ணம் மதினி வெற்றிலை பாக்கு வாங்க வந்தாள். ஊரைப் பார்த்துவிட்டு, “மதினி, மரமெல்லாம் அப்படியே உயிரோட இருக்கே! அண்ணாச்சியா செஞ்சாவ? நம்ப மாட்டேன்” என்றாள். கொலுவுக்கு வந்தவர்கள் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்பது முறை. அவளும் பாடினாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு அம்மன் தாலாட்டு, அதுவும் இரண்டாவது அடியில் தடம் மாறி எங்கேயோ போய்விடும். இருபது வருஷமாக அதே இடத்தில் தப்பு. அதே இடத்தில் வடிவு “அப்படி இல்ல மதினி” என்று திருத்துவாள்.

இன்றும் சொர்ணம் அந்த இடத்துக்கு வந்தாள், தப்பாகப் போனாள். வடிவு கையை உயர்த்தினாள். வாயைத் திறந்தாள். பாடினாள்.

பாடினாள்! அடி முழுசும், வார்த்தை வார்த்தையாக, இழுத்து, சுருதி கொஞ்சம் தளும்பி. “பூ” என்று ஒரு எழுத்து வராதவளுக்குப் பூவும் பொன்னும் தொட்டிலும் தூளியும் ஒன்றும் விடாமல் வந்தது. பாட்டு முடிந்ததும், “வடிவு, பேசு” என்றேன். “த... த...” என்றாள். அவ்வளவுதான். மூன்று பேரும் அழுதோம். சொர்ணம் சுண்டலைக் கையில் பிடித்துக்கொண்டே அழுதாள்.

அக்டோபர் 4, வெள்ளி

ஜெசிந்தாவிடம் சொன்னதும் துள்ளிவிட்டாள். “சார், பேச்சு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் மூளையில. அடைச்சிருக்கிற வாசல விட்டுட்டு இந்த வாசல் வழியா வரப் பாக்கலாம். அம்மா இடது கையப் பிடிச்சு ஒவ்வொரு எழுத்துக்கும் தட்டுங்க. தாலாட்டு ராகத்துல சொல்லச் சொல்லுங்க. தண்ணி வேணும்னாலும் பாடித்தான் கேக்கணும்.”

அப்புறம், “வீட்டுல யாராவது கூடவே பாடணும்” என்று என்னைப் பார்த்தாள். நான் பாடி யாரும் கேட்டதில்லை. நல்லவேளை.

அக்டோபர் 6, ஞாயிறு

பாடினேன். “தண்-ணி வே-ணும்.” அவள் கையைப் பிடித்துத் தட்டித் தட்டி. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அக்டோபர் 8, செவ்வாய்

தண்ணி வந்துவிட்டது. அவள் தன்னாகவே பாடிக் கேட்டாள். நான் ஒரு சொம்பு நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடி கேட்டாள். தாகம் இல்லை, கேட்க முடிகிறதே என்றுதான். ஆறு சொம்பு. கோமு ஃபோனில் கேட்டுவிட்டு இன்னொரு தரம் பாடச் சொன்னாள்.

அக்டோபர் 9, புதன்

இன்று பயிற்சி இல்லை. சுண்டலுக்குக் கடலை வாங்கப் போனேன், நேரமாகிவிட்டது.

அக்டோபர் 10, வியாழன்

நேற்று எழுதியது பொய். கடலை வீட்டில் இருந்தது. தண்ணி வந்த வாய்க்கு மற்றதும் வரும் என்று நினைத்தேன், கால் தன்னால் வெளியே போய்விட்டது. டவுன் முழுக்க ரதவீதியைச் சுற்றினேன். திரும்பி வந்தால் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கையை நீட்டினாள், தட்டு என்று. நான் எவ்வளவு பெரிய கோழை.

இன்று இரண்டு மணி நேரம் பாடினோம்.

அக்டோபர் 12, சனி, விஜயதசமி

நேற்று சரஸ்வதி பூஜை. புத்தகங்களை அடுக்கிப் பட்டுத்துணி போட்டு வைத்தேன். வடிவு அலமாரியைக் காட்டி இந்த நாட்குறிப்பையும் வைக்கச் சொன்னாள். வைத்தால் ஒரு நாள் எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. அதனால் நேற்றைக்கு ஒன்றும் எழுதவில்லை.

இன்று காலை பூஜை முடிந்து புத்தகத்தை எடுத்து நாலு வரியாவது படிக்க வேண்டும். நான் தேவாரத்தை எடுக்கப் போனேன். அவள் நாட்குறிப்பை எடுத்து என் மடியில் வைத்தாள். வேண்டாம் என்றேன். விரலால் தட்டினாள்.

எந்தப் பக்கத்தையும் படித்திருக்கலாம். இட்லியைப் படித்திருந்தால் சிரித்திருப்பாள். ஆனால் அவளை ஏமாற்றி ஏமாற்றி எனக்கே அலுத்துவிட்டது. ஜூன் 13-ஐப் பிரித்தேன். சத்தமாகப் படித்தேன்:

“காலை 7. வானம் மூட்டம். வீட்டில் நல்ல அமைதி. பேப்பர் முழுவதும் படித்தேன். பக்கத்தில் வைத்த காபி ஆறிப்போய்விட்டது. எதிரே உட்கார்ந்திருக்கிறாள், ஆறுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.”

எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவள் வாயைப் பார்த்தேன் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் எட்டு மணி என்று பொய் சொன்னதையும் சொன்னேன். நோட்டை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

வடிவு இடக்கையால் என் முழங்காலில் தட்டினாள். ஒரு தட்டுக்கு ஒரு எழுத்து. அந்தத் தாலாட்டு ராகத்திலேயே.

“சொன்-னே-னே...”

அவள் கை நெஞ்சுக்குப் போனது, பிறகு வாய்க்கு வந்தது, திரும்ப என் முழங்காலுக்கு.

“காப்-பி... ஆ-று-துன்-னு... சொன்-னே-னே... வ-ர-லி-யே...”

அந்த ஒன்றேகால் மணி நேரமும் அவள் என்னிடம் காபி ஆறுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் ஒருத்தன் கேட்காமல் பேப்பர் படித்திருக்கிறேன். அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன். அவள் என் தலையில் தட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு சொல் வந்தது, “வி-டுங்-க” என்று.

கோமுவுக்குச் சாயங்காலம் உண்மையைச் சொல்லிவிட்டேன். முழுசையும் கேட்டாள். பிறகு, “அம்மா என்ன சொன்னா?” என்று கேட்டாள். விடச் சொன்னாள் என்றேன். “அப்ப விடுங்கப்பா” என்றாள். குரல் சரியில்லை. நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று வைத்தாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

கொலு எடுத்தோம். மரங்களை எலி புகாத தகர டப்பாவில் போட்டேன். போட ஆரம்பித்த நிமிஷத்திலிருந்து பாட்டுதான். தளிர்ப்பச்சையைக் கரும்பச்சையோடு போடக் கூடாதாம், சாயம் ஒட்டுமாம். தாளைச் சுற்ற வேண்டுமாம். நான் சுற்றுகிற லட்சணம் சரியில்லையாம். நாலு வார்த்தை வருகிறது, ஐந்தாவது மாட்டிக்கொள்கிறது, அதைத் தட்டித் தட்டி இழுத்துக்கொண்டு வந்து மறுபடியும் ஆரம்பிக்கிறாள்.

நடுவில் கோமு கூப்பிட்டாள், சொன்னபடியே. பின்னால் சத்தம் கேட்டு, “அப்பா, அம்மா பாடுதாளா?” என்றாள்.

“பாடல, என்னய ஏசுதா” என்றேன்.

“ஃபோன அவ பக்கத்துல வைங்க” என்றாள். வைத்தேன்.